வீட்டு டிவிக்குப் பூட்டுப் போடுவது எப்படி? கோலாலம்பூர், பினாங்குப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கடைக்காரர் டிவியைச் சுவரில் மாட்டிவிட்டு, ஏதோ ஒரு பின் எண்ணைப் போட்டுக் காட்டி, "பிள்ளைகள் பூட்டு போட்டாச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த ஒரு பூட்டு எதையெல்லாம் தடுக்கிறது, எதையெல்லாம் விட்டுவிடுகிறது என்பதில்தான் பெரும்பாலான வீடுகளில் குழப்பம். பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் அடுக்குமாடியிலும் பினாங்குத் தரைவீட்டிலும் இருக்கும் சாதனங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு ஸ்மார்ட் டிவி, ஓர் அஸ்ட்ரோ டெக்கோடர் அல்லது யூனிஃபை பாக்ஸ், ஒரு வைஃபை ரவுட்டர். அவற்றை மனத்தில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறோம். டிவி மெனுவில் வரும் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். மாடலுக்கு மாடல் ஓரிரு சொல் மாறலாம்.

டிவியில் சேனல் பூட்டு போட்டேன். அஸ்ட்ரோவில் எல்லாச் சேனலும் திறந்தபடியே இருக்கிறது. பூட்டு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. டிவியின் சேனல் பூட்டு, ஆன்டெனா வழியாக டிவிக்குள்ளேயே இருக்கும் டியூனர் என்ற அலைவாங்கிக்கு வரும் சேனல்களுக்கு மட்டும்தான். மலேசியாவில் அது மைஃப்ரீவியூ ஒளிபரப்பு. அஸ்ட்ரோ டெக்கோடர் எச்டிஎம்ஐ கம்பி வழியாகப் படத்தை அனுப்புகிறது. அந்தக் கம்பியில் இப்போது ஓடுவது வானவில் சேனலா, ஆங்கிலத் திகில் படமா என்பது டிவிக்குத் தெரியாது. அதன் கணக்கில் அது வெறும் 'எச்டிஎம்ஐ 1'.

ஆகவே அஸ்ட்ரோவுக்கான பூட்டை டெக்கோடரில் போட வேண்டும். அஸ்ட்ரோ ரிமோட்டில் செட்டிங்ஸுக்குப் போய் 'பேரன்டல் கண்ட்ரோல்' பகுதியைத் திறந்தால், வயதுத் தரத்தை வைத்துப் பூட்டுவது, குறிப்பிட்ட சேனலைப் பூட்டுவது என்று இரண்டு வழி இருக்கும். வயதுத் தரத்தை முதலில் போடுங்கள். சேனல் வாரியாகப் பூட்டினால் புதுச் சேனல் வரும்போது அது பூட்டில்லாமல் நிற்கும். டெக்கோடரின் பின் எண்ணும் டிவியின் பின் எண்ணும் வேறு வேறு. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. கைப்பேசியிலோ டிவி ஆப்பாகவோ பார்க்கும் அஸ்ட்ரோ கோவுக்கும் டெக்கோடர் பூட்டு பொருந்தாது.

அப்படியானால் மொத்தம் எத்தனை இடத்தில் பூட்டு வேண்டும்?

உங்கள் டிவிக்குள் படம் எந்தெந்த வழியாக வருகிறதோ, அத்தனை இடத்திலும் வேண்டும். ரிமோட்டை எடுத்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஆன்டெனா, டெக்கோடர், யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் மாதிரி கட்டண ஆப்கள், டிவியின் வெப் பிரவுசர், யூஎஸ்பி பென்டிரைவ், கைப்பேசியிலிருந்து டிவிக்கு அனுப்பும் 'காஸ்ட்', பிளேஸ்டேஷன் போன்ற கேம் பெட்டி. ஒரு சாதாரண வீட்டில் ஐந்தாறாவது தேறும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. பிள்ளை அதிகம் போகும் வழியிலிருந்து தொடங்குங்கள். தமிழ்ப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் யூடியூப். ஆன்டெனா வழி வரும் ஆர்டிஎம் போன்ற இலவச ஒளிபரப்பைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். அதில் கவலைப்பட அதிகம் இல்லை.

யூடியூப்பில் 'ரெஸ்ட்ரிக்டட் மோட்' போட்டுவிட்டேன். போதாதா?

போதாது. இரண்டு காரணங்கள். டிவி ஆப்பில் அந்த வசதிக்குப் பின் எண் கிடையாது. செட்டிங்ஸுக்குள் போகத் தெரிந்த ஏழு வயதுப் பிள்ளை அதைத் திரும்ப அணைத்துவிடும். இரண்டாவது, வீடியோவின் தலைப்பு, விவரம், வயதுக் கட்டுப்பாடு போன்ற குறிப்புகளைப் பார்த்து இயந்திரம்தான் வடிகட்டுகிறது. மொழிக்கும் பண்பாட்டுக்கும் ஏற்ப அதன் தரம் மாறும் என்று யூடியூப்பே சொல்கிறது. தமிழில் இரட்டை அர்த்த நகைச்சுவையும், வசைச்சொல் நிறைந்த கேம் வர்ணனையும் அதில் தப்பி வந்துவிடுகின்றன.

பன்னிரண்டு வயது வரைக்கும் 'கிட்ஸ் புரொஃபைல்' வைப்பதே சரி. டிவிக்கென்று தனியாக இருந்த யூடியூப் கிட்ஸ் ஆப் 2024 ஜூலையில் நிறுத்தப்பட்டது. இப்போது அது வழக்கமான யூடியூப் ஆப்புக்குள்ளேயே ஒரு புரொஃபைலாக இருக்கிறது. யூடியூப்பைத் திறந்து, கணக்குகள் பக்கத்தில் உங்கள் கூகல் கணக்கின் கீழ் பிள்ளைக்கு ஒரு புரொஃபைல் சேர்க்க வேண்டும். மூன்று வயதுத் தரங்கள் உண்டு: 4 வயது வரை, 5 முதல் 8 வரை, 9 முதல் 12 வரை. நான்காவதாக ஒன்று இருக்கிறது: பெற்றோர் தேர்ந்தெடுத்ததை மட்டும் காட்டுவது. ஆறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு நாங்கள் சொல்வது இந்த நான்காவதைத்தான். கைப்பேசியில் யூடியூப் கிட்ஸ் ஆப்பைத் திறந்து, நீங்கள் நம்பும் பத்துப் பதினைந்து தமிழ்ப் பாட்டு, கதைச் சேனல்களை டிக் செய்துவிட்டால் தேடும் வசதியே அணைந்துவிடும். அரை மணி நேர வேலைதான். ஆனால் அதற்குப் பிறகு பிள்ளை எதில் விழுந்துவிடுமோ என்ற கவலை இல்லை.

இதோடு முடியவில்லை. பிள்ளை 'பேக்' பொத்தானை அழுத்தி அப்பாவின் கணக்குக்கோ 'கெஸ்ட்' என்ற விருந்தினர் கணக்குக்கோ தாவிவிடலாம். அதைத் தடுக்க டிவி யூடியூப்பின் செட்டிங்ஸில் 'பேரன்ட் கோட்' என்ற நான்கு இலக்க எண் இருக்கிறது. அதைப் போட்ட பிறகு, நீங்களே பிள்ளையின் புரொஃபைலிலிருந்து வெளியேற முயன்று பாருங்கள். விருந்தினர் கணக்கையும் தொட்டுப் பாருங்கள். எண் கேட்டால்தான் வேலை முடிந்தது.

மகளுக்கு 13 வயது. குழந்தைப் பாட்டு வருகிறது என்று கோபப்படுகிறாள்.

நியாயமான கோபம். 9 வயதிலிருந்து மேற்பார்வைக் கணக்கு என்ற நடுவழி உண்டு. கூகலின் பெற்றோர் ஆப்பான ஃபேமிலி லிங்க்கில் பிள்ளைக்கு ஒரு கணக்கு திறந்து, யூடியூப்புக்கு மூன்று தரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 'எக்ஸ்ப்ளோர்' 9 வயதுக்கு மேல், 'எக்ஸ்ப்ளோர் மோர்' 13 வயதுக்கு மேல், 'மோஸ்ட் ஆஃப் யூடியூப்' வயதுக் கட்டுப்பாடு உள்ளவை தவிர ஏறக்குறைய எல்லாம். உங்கள் மகளுக்கு இரண்டாவது பொருந்தும். எதைப் பூட்டுகிறீர்கள், ஏன் என்பதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போட்ட பூட்டை இந்த வயதுப் பிள்ளைகள் திறப்பதற்கே முனைவார்கள்.

நெட்ஃபிளிக்ஸில் பிள்ளையின் புரொஃபைலுக்குப் பின் எண் போட்டோம். ஆனாலும் அவன் பெரியவர்கள் படம் பார்த்துவிட்டான். எப்படி?

பூட்டு தப்பான கதவில் இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸைத் திறந்ததும் எல்லாப் புரொஃபைலும் வரிசையாக நிற்கும். பிள்ளையின் படத்தை விட்டுவிட்டு அம்மாவின் படத்தை அழுத்தினால் போதும், எல்லாம் திறந்துகொள்ளும். பின் எண் போட வேண்டியது பெரியவர்களின் புரொஃபைல்களுக்கு, ஒவ்வொன்றுக்கும். பாட்டி தாத்தாவுக்கென்று திறந்து வைத்து மறந்துபோன புரொஃபைலும் இதில் அடக்கம்.

டிவியில் தேடாதீர்கள். கைப்பேசியிலோ கணினியிலோ பிரவுசரில் நெட்ஃபிளிக்ஸைத் திறந்து 'அக்கவுன்ட்' பக்கத்துக்குப் போங்கள். புரொஃபைல்கள் பட்டியலில் உங்கள் பெயரை அழுத்தி 'புரொஃபைல் லாக்' தேர்ந்தெடுங்கள். கணக்கின் பாஸ்வர்டைக் கேட்டபின் நான்கு இலக்க எண்ணைப் போடச் சொல்லும். முதன்மைப் புரொஃபைலில், புதிய புரொஃபைல் சேர்க்கவும் பின் எண் கேட்கட்டும் என்ற ஒரு கட்டம் உண்டு. அதையும் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை புதிதாக ஒரு புரொஃபைல் திறந்து அதில் பார்க்கும்.

அடுத்துப் பிள்ளையின் புரொஃபைலில் வயது வரம்பை வையுங்கள். குறிப்பிட்ட ஒரு படத்தையோ தொடரையோ மட்டும் மறைக்கவும் அங்கேயே வழி இருக்கிறது. அதே பக்கத்தில், அடுத்த பகுதி தானாக ஓடுவதை அணையுங்கள். படுக்கப் போகச் சொல்லும்போது வரும் பாதிச் சண்டை இந்த ஒரு கட்டத்தால் குறையும்.

வயது வரம்பு போட்டதும் தமிழ்ப் படங்கள் ஏறக்குறைய எல்லாம் மறைந்துவிட்டன. தியேட்டரில் குடும்பத்தோடு பார்த்த படம்கூட வரவில்லை.

தியேட்டர் தரமும் ஸ்ட்ரீமிங் தரமும் வேறு வேறு. மலேசியத் தியேட்டருக்கு வரும் படத்தை எல்பிஎஃப் என்ற திரைப்படத் தணிக்கை வாரியம் பார்த்து, தேவையானால் வெட்டி, தரம் கொடுக்கிறது. 2023 ஆகஸ்டிலிருந்து அந்தத் தரங்கள் யு, பி12, 13, 16, 18 என ஐந்து. நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அந்த வாரியத்தின் கையில் இல்லை. அவை தங்கள் சொந்தத் தரத்தைப் போடுகின்றன. வெட்டுப்படாத பிரதியே அங்கே இருக்கலாம். ஆகவே தியேட்டரில் பார்த்தோமே என்ற கணக்கு இங்கே செல்லாது.

அரிவாளும் ரத்தமும் உள்ள தமிழ் ஆக்‌ஷன் படம் பொதுவாக 16+ பக்கம்தான் போய் நிற்கும். வரம்பை 7+ என்று வைத்தால் அது மறைவது சரியே. வரம்பை உயர்த்திவிடாதீர்கள். குடும்பத்தோடு பார்க்க நினைக்கும் படத்தை உங்கள் புரொஃபைலில், நீங்கள் பக்கத்தில் இருந்து போட்டுக் காட்டுங்கள்.

சாம்சங் டிவியில் ஆப்பையே பூட்ட முடியுமா?

முடியும். 'ஹோம்', பிறகு 'ஆப்ஸ்', அங்கே மேலே தெரியும் பற்சக்கரக் குறி அல்லது 'ஆப் செட்டிங்ஸ்'. பூட்ட வேண்டிய ஆப்பைத் தேர்ந்தெடுத்து 'லாக்' அழுத்துங்கள். பின் எண்ணை மாற்ற: 'செட்டிங்ஸ்', 'ஆல் செட்டிங்ஸ்', 'ஜெனரல் அண்ட் பிரைவசி', 'சிஸ்டம் மேனேஜர்', 'சேஞ்ச் பின்'. பழைய மாடல்களில் தொழிற்சாலை எண் 0000. அதை மாற்றாமல் விட்டால் பூட்டுப் போடாததற்குச் சமம். வெப் பிரவுசர் ஆப்பை மறந்துவிடாதீர்கள். யூடியூப்பைப் பூட்டிய வீடுகளில் பிள்ளைகள் முதலில் கண்டுபிடிக்கும் சந்து அதுதான்.

எல்ஜியில்?

'செட்டிங்ஸ்', 'ஆல் செட்டிங்ஸ்', 'ஜெனரல்', 'சிஸ்டம்', 'சேஃப்டி'. பழைய மாடலில் 'சேஃப்டி' முதல் பட்டியலிலேயே இருக்கும். இங்கேயும் தொழிற்சாலை எண் 0000. சேனல், நிகழ்ச்சித் தரம், ஆப், இன்புட் என நான்கு வகைப் பூட்டுகள். பலர் ஆப்களை டிக் செய்துவிட்டு, மேலே உள்ள முக்கியச் சுவிட்சை 'ஆன்' செய்யாமல் வந்துவிடுகிறார்கள். அது அணைந்திருந்தால் கீழே டிக் செய்தது எதுவும் வேலை செய்யாது. இன்புட் பூட்டு மிகவும் பயனுள்ளது. கேம் பெட்டி செருகிய எச்டிஎம்ஐயை மட்டும் பூட்டி, பள்ளி நாளில் மூடி வைத்து, வாரக்கடைசியில் திறக்கலாம்.

கூகல் டிவி, ஆன்ட்ராய்ட் டிவி இரண்டும் ஒன்றா?

அடித்தளம் ஒன்று, பூட்டு வேறு. கூகல் டிவியில் 'செட்டிங்ஸ்', 'அக்கவுன்ட்ஸ் அண்ட் சைன் இன்' வழியாகப் பிள்ளையைச் சேர்த்தால் முழுக் கிட்ஸ் புரொஃபைல் கிடைக்கும். எந்த ஆப் தெரியலாம், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், படுக்கை நேரம் எப்போது என்று வைக்கலாம். நேரம் முடியும் முன் மூன்று எச்சரிக்கை வரும், பிறகு திரை நின்றுவிடும். ஆனால் 'புரொஃபைல் லாக்' போடாவிட்டால், நேரம் முடிந்ததும் பிள்ளை உங்கள் புரொஃபைலுக்கு மாறிப் பார்க்கத் தொடங்கிவிடும்.

பழைய ஆன்ட்ராய்ட் டிவியில் நேரக் கணக்கு இல்லை. 'டிவைஸ் பிரிஃபரன்ஸஸ்', 'செக்யூரிட்டி அண்ட் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்ற இடத்தில் 'ரெஸ்ட்ரிக்டட் புரொஃபைல்' என்ற ஒன்றுதான். அதில் எந்த ஆப் வேண்டும் என்று மட்டும் தேர்ந்தெடுக்கலாம். இரண்டிலுமே பிளே ஸ்டோரில் வாங்குவதற்கு ஒவ்வொரு முறையும் பாஸ்வர்ட் கேட்கும்படி வையுங்கள்.

கடையில் வாங்கிய ஆன்ட்ராய்ட் பாக்ஸில் எல்லாச் சேனலும் இலவசமாக வருகிறது. அதில் பூட்டு எங்கே?

பெரும்பாலும் எங்கும் இல்லை. அனுமதியில்லாமல் படம் காட்டும் அந்த ஆப்களில் வயதுத் தரமும் கிடையாது, புரொஃபைலும் கிடையாது. குழந்தைச் சேனலுக்கு அடுத்த எண்ணிலேயே வயது வந்தோர் சேனல் இருக்கும் பட்டியல்கள் உண்டு. சட்டப்படியும் இது சின்ன விஷயம் இல்லை. 2022-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின்படி இப்படிப்பட்ட சாதனத்தை விற்பவருக்கு 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதமோ 20 ஆண்டு வரை சிறையோ விதிக்கலாம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைக் கழற்றிவிடுங்கள். லோ யாட் பிளாசாவிலோ பினாங்கு கொம்தார் பக்கமோ வேறு பாக்ஸ் வாங்கினால், பெட்டியில் சிரிம் தரச் சான்று முத்திரை இருக்கிறதா, நெட்ஃபிளிக்ஸும் பிளே ஸ்டோரும் முறையாக உள்ளே இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

பின் எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கிறேன். இரண்டே நாளில் மகன் கண்டுபிடித்துவிடுகிறான்.

ஊகித்துக் கண்டுபிடிக்கவில்லை, பார்த்துக் கண்டுபிடிக்கிறான். இன்றைய ரிமோட் பலவற்றில் எண் பொத்தான் கிடையாது. திரையில் 0 முதல் 9 வரை வரிசையாகத் தெரியும், அம்புக்குறியால் நகர்த்தி ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். பதிவான எண் நட்சத்திரமாக மறைந்தாலும், எந்த எண்ணின் மேல் வெளிச்சம் நின்றது என்பது சோபாவில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். திரையைப் பார்க்காவிட்டாலும் காது போதும்: இடமிருந்து எத்தனை 'டிக்' என்று எண்ணினால் எண் கிடைத்துவிடும்.

பிள்ளை அறையில் இல்லாதபோது மட்டும் எண்ணைப் போடுங்கள். மெனுச் சத்தத்தை அணையுங்கள். பிறந்த நாள், கார் எண், வீட்டு எண் வேண்டாம். டிவிக்கு ஒன்று, நெட்ஃபிளிக்ஸுக்கு ஒன்று என வெவ்வேறாக வையுங்கள். எழுதி வைப்பதானால் கைப்பேசிக் குறிப்பில் வேண்டாம், அதைப் பிள்ளையும் எடுக்கும். வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் ஒரு தாளில் வையுங்கள்.

எல்லாம் பூட்டியிருக்கிறது. ஆனால் கைப்பேசியிலிருந்து டிவிக்கு அனுப்பிப் பார்க்கிறார்கள்.

காஸ்ட் செய்யும்போது ஓடுவது கைப்பேசியில் உள்ள கணக்கு. டிவியின் புரொஃபைல் கட்டுப்பாடு அதைத் தொடாது. சாம்சங்கில் வெளிச் சாதனங்களை நிர்வகிக்கும் பகுதியில் 'டிவைஸ் கனெக்ட் மேனேஜர்' உண்டு. ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கும்படி வைத்து, தெரியாத கைப்பேசிகளைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். ஐபோன் உள்ள வீட்டில், ஐபோனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்பும் ஏர்பிளேயைக் குறியீடு கேட்கும்படி மாற்றுங்கள். டிவியில் யூடியூப் ஆப்பையே பூட்டியிருந்தால், ஒரு முறை காஸ்ட் செய்து பார்த்து, பூட்டு நிற்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். இது மாடலுக்கு மாடல் மாறும்.

ரவுட்டரில் ஏதாவது செய்யலாமா?

இரண்டு வேலை செய்யலாம். ஒன்று, வயது வந்தோர் தளங்களை வடிகட்டும் டிஎன்எஸ். தளத்தின் பெயரை அதன் இணைய முகவரியாக மாற்றித் தரும் சேவைதான் டிஎன்எஸ். டிவியின் நெட்வொர்க் செட்டிங்ஸில் டிஎன்எஸ்ஸைத் தானியங்கியிலிருந்து கையால் போடும்படி மாற்றி 1.1.1.3 என்று போடுங்கள். இரண்டாவது எண் கேட்டால் 1.0.0.3. இவை கிளவுட்ஃபிளேரின் குடும்ப டிஎன்எஸ். ஓபன்டிஎன்எஸ் விரும்பினால் 208.67.222.123, 208.67.220.123. ரவுட்டரிலேயே போட்டால் வீட்டுக் கைப்பேசிகளுக்கும் சேரும். ரவுட்டர் பக்கம் பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. நுழையும் பாஸ்வர்ட் அடியில் ஒட்டியிருக்கும். அந்த ஸ்டிக்கரைப் பிள்ளையும் படிக்கும், ஆகவே பாஸ்வர்டை மாற்றிவிடுங்கள்.

இது பிரவுசரில் திறக்கும் தளங்களைத் தடுக்கும். யூடியூப்புக்குள்ளோ நெட்ஃபிளிக்ஸுக்குள்ளோ எந்தப் படம் ஓடுகிறது என்பது டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாது.

இரண்டாவது, நேரப் பூட்டு. பல ரவுட்டர்களில் குறிப்பிட்ட சாதனத்துக்கு மட்டும் இணைய நேரம் வைக்கலாம். டிவியை அதன் மேக் முகவரியால் (ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள அடையாள எண்) அடையாளம் கண்டு, இரவு 9 முதல் காலை 7 வரை நிறுத்திவிடலாம். டிவி கம்பியிலும் வைஃபையிலும் வேறு வேறு மேக் முகவரி காட்டும் என்பதால் இரண்டையும் சேருங்கள். பிள்ளை தன் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை டிவிக்குக் கொடுத்தால் இவை இரண்டுமே போய்விடும். மாதம் ஒருமுறை டிவி எந்த வைஃபையில் நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இருவரும் பாயான் லெபாஸில் ஷிஃப்ட் வேலை. வீட்டில் பாட்டிதான். அவருக்கு இதெல்லாம் புரியாது.

பாட்டிக்கு எதுவும் புரிய வேண்டாதபடி அமைக்க முடியும். பாட்டியின் தொடர்கள் டெக்கோடரில்தான் இருக்கும். வயதுத் தரப் பூட்டு போட்டால் அவை பெரும்பாலும் தடைபடாது. தடைபட்டால் தரத்தை ஒரு படி மட்டும் உயர்த்துங்கள். பின் எண்ணைப் பாட்டியிடம் கொடுக்காதீர்கள். பேரன் கெஞ்சினால் அவரால் மறுக்க முடியாது, அந்தச் சங்கடத்தில் அவரை நிறுத்தக் கூடாது. டிவி திறந்ததும் பிள்ளையின் புரொஃபைலே வரும்படி விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள்.

எத்தனை மணி நேரம் வைக்கலாம்?

இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அதற்கு மேற்பட்ட வயதில் வீட்டுப்பாடம், தூக்கம், விளையாட்டு மூன்றும் நடக்கும் அளவைப் பார்த்து நீங்களே வையுங்கள். பள்ளி விடுமுறைக்கு வேறு அளவு வைப்பதில் தவறில்லை, ஆனால் பள்ளி திறக்க ஒரு வாரம் முன்பே பழைய அளவுக்குத் திரும்பிவிடுங்கள்.

பின் எண் மறந்துவிட்டது.

நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் என்றால் கணக்கின் பாஸ்வர்டைக் கொண்டு மாற்றிவிடலாம். டெக்கோடருக்கு அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையைக் கேளுங்கள். டிவி என்றால் கடைசி வழி ஃபேக்டரி ரீசெட். அது ஆப், கணக்கு, வைஃபை எல்லாவற்றையும் அழித்துவிடும், உங்கள் பூட்டுகளையும் சேர்த்து. பிள்ளைகளும் இந்த வழியை அறிவார்கள். ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்க்கும்போது டிவி திடீரென்று மொழி கேட்டு, வைஃபை கேட்டு, புதிது போல நின்றால், யாரோ ரீசெட் செய்திருக்கிறார்கள். பூட்டுகளை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.